கையைப் பார்க்காதீர்கள், லூப்பைப் பாருங்கள்: ஃபிளை காஸ்டிங் தப்புகளை நீங்களே கண்டுபிடிக்க

ஃபிளை என்பது பூச்சி மாதிரி தெரியும்படி கட்டிய கொக்கி. அதைக் கனமான லைனோடு சேர்த்து முன்னும் பின்னுமாக வீசுவதுதான் ஃபிளை காஸ்டிங். லைன் நுனியையும் ஃபிளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு லீடர். போன வருஷம் ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், ஏரிக்கரையில் உட்கார்ந்து என் லீடரில் விழுந்திருந்த முடிச்சுகளை எண்ணினேன். பதினொன்று. இரண்டு மணி நேரத்தில் பதினொன்று. பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். ஒருவர் மணிக்கட்டை மடக்காதே என்றார், இன்னொருவர் பலமாக வீசு என்றார், மூன்றாமவர் மெதுவாக என்றார், நாலாமவர் பின்னால் இன்னும் கொஞ்சம் காத்திரு என்றார். நாலும் சரியான யோசனைதான், ஆனால் நாலு வேறு வேறு வியாதிக்கான மருந்து. நான் நாலையும் ஒன்றாகச் சேர்த்துக் குடித்தேன். அடுத்த வாரம் பன்னிரண்டு முடிச்சு.

அப்புறம் காசு கொடுத்து ஒரு மணி நேரம் ஒரு பயிற்சியாளரிடம் போனேன். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்றுகொண்டு வானத்தையே பார்த்தார். லைன் காற்றில் போடுகிற வளையத்தை, அதாவது லூப்பைப் பார்த்தே என் கை எங்கே தப்புச் செய்கிறது என்று சொல்லிவிட்டார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டர் பக்கம், அதனால் அனுமதி, செலவு எல்லாம் இந்த ஊர்க் கணக்கு. லூப் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

1. முதலில் லூப்பின் உடற்கூறு

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளையில் எடை லைனிலேயே இருக்கிறது. 6 ஆம் நம்பர் லைனின் முதல் 30 அடி சுமார் 10.4 கிராம், நம்பர் கொடுப்பதே அந்த 30 அடியின் எடையை வைத்துத்தான். அதனால் பழகும்போது ராட் (தூண்டில் கோல்) நுனிக்கு வெளியே 30 அடி, அதாவது 9 மீட்டர் லைன் வைத்துக்கொண்டால் கணக்கு நேராக இருக்கும். வேகமாகப் போகும் ராட் சட்டென்று நிற்கிறது, லைன் அதைத் தாண்டிப் போகிறது, அந்த இடத்தில் லூப் பிறக்கிறது.

‘ப’ எழுத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பாருங்கள், அதுதான் லூப். ஃபிளை இருக்கும் பக்கம் மேல் கால், ராட் நுனியோடு ஒட்டியிருப்பது கீழ்க் கால், இரண்டும் சேரும் வளைவு மூக்கு. நல்ல லூப் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு மாதிரி இருக்கும், இரண்டு காலும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக.

இதற்கு மேல் மனப்பாடம் செய்ய ஒரே ஒரு விதிதான். ராட் நுனி போன வழியில்தான் லைன் போகும். நுனி நேர்கோட்டில் போனால் ஒடுங்கிய லூப். குடை மாதிரி மேலே வளைந்து போனால் அகன்ற லூப். நடுவில் தொட்டில் மாதிரி கீழே தொய்ந்து எழுந்தால் மேல் கால் கீழ்க் காலை வெட்டிக்கொண்டு போகும், முடிச்சு விழும்.

2. சாமான், செலவு, அனுமதி

புல்லில் பழகுங்கள். தண்ணீரில் பழகினால் மனசு மீனிடம் போய்விடும்.

எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன். பழைய 9 அடி, 6 ஆம் நம்பர் ராடும் ரீலும் சேர்த்து 40 பவுண்டு. ஆரஞ்சு நிற லைன் 22 பவுண்டு. போன் ஸ்டாண்ட் 12. லீடருக்கு 3. ஃபிளைக்குப் பதிலாக நுனியில் கட்ட ஒரு துண்டுக் கம்பளி நூல், வீட்டில் இருந்தது. பயிற்சியாளருக்கு ஒரு மணி நேரத்துக்கு 45. பயிற்சியாளரை மட்டும் முதலில் விட்டுவிட்டு மற்றதை வாங்கினேன், அது தப்பு. 400 பவுண்டு ராட் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கை ஒரு மணி நேரப் பாடத்துக்குக் கொடுங்கள். கேம் ஆங்லிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் அசோசியேஷன் மாதிரி தூண்டில் பயிற்சியாளர் அமைப்பில் தேர்வு எழுதித் தேறியவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாக மீன் பிடிப்பவர் எல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர் இல்லை.

லைன் நிறத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் முதலில் வைத்திருந்தது பாசிப்பச்சை. மரத்துக்கு முன்னால் வீசினால் வீடியோவில் லைனே தெரியாது. புல்லிலும் மண்ணிலும் உரசி லைன் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் பழக ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள்.

லீடர் இல்லாமல் வீசவே கூடாது. வெறும் லைன் நுனி சாட்டை மாதிரி சொடுக்கும், நுனி பிய்ந்துபோகும். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம், கம்பளிதானே என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை என் காது மடலில் பட்டது, இரண்டு நாள் சிவந்து கிடந்தது.

லைசென்ஸ் விஷயம். புல்வெளியில் கம்பளி நூலை வீச யாருடைய அனுமதிச் சீட்டும் வேண்டாம், பூங்காவில் தனி விதி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வாசலில் உள்ள பலகையைப் பார்த்துக்கொண்டால் போதும். கொக்கி கட்டித் தண்ணீரில் போடும் நாள் முதல் என்விரான்மென்ட் ஏஜென்சி என்ற அரசாங்க அமைப்பின் ராட் லைசென்ஸ் வேண்டும். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அது ஒன்றே. 13 வயது ஆனவர்கள் எல்லோரும் எடுக்க வேண்டும். 13 முதல் 16 வரை இலவசம், ஆனால் இலவசம் என்பதற்காக எடுக்காமல் இருக்க முடியாது. ஒரு நாள், 8 நாள், 12 மாதம் என்று மூன்று வகை. ட்ரவுட் மீனுக்கான 12 மாத லைசென்ஸ் 30 பவுண்டுக்கு மேல் ஆகும். இல்லாமல் மாட்டினால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகும்.

புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். லைசென்ஸ் இருந்தால் எந்த ஏரியிலும் பிடிக்கலாம் என்று நினைப்பது தப்பு. அது அரசாங்கத்துக்குக் கட்டுவது. அந்த ஏரிக்கோ ஆற்றுக்கோ சொந்தக்காரர் தரும் டே டிக்கெட், அதாவது அன்றைக்கான அனுமதிச் சீட்டு, தனி, அதன் விலையும் தனி. லைசென்ஸை அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள், நடுவில் நின்று சேவைக் கட்டணம் வாங்கும் தளங்கள் இருக்கின்றன. காஸ்டிங் சரியாவதற்கு முன்னால் 12 மாத லைசென்ஸ் எடுத்து வைக்காதீர்கள். நான் மார்ச்சில் எடுத்து, ஜூன் வரை முடிச்சுதான் பிடித்தேன்.

3. நிற்கும் இடமும் போன் நிற்கும் இடமும்

கால்பந்து மைதானத்தின் பக்கவாட்டு வெள்ளைக்கோடு மாதிரி உதவி வேறில்லை. கோட்டின் மேல் நின்று கோட்டின் வழியாகவே முன்னாலும் பின்னாலும் வீசினால், பக்கவாட்டுத் தப்பு எல்லாம் கோடே காட்டிக்கொடுத்துவிடும். மின்கம்பி பக்கத்தில் இருக்கவே கூடாது. கார்பன் ராட் மின்சாரம் கடத்தும், இதில் விளையாட்டு இல்லை. நாய்களைக் கூட்டிவரும் நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள், ஆடுகிற கம்பளியைப் பார்த்தால் எந்த நாயும் சும்மா இருக்காது.

போனை ராட் பிடிக்கும் கையின் பக்கம், 10 முதல் 12 மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் வையுங்கள். பின்னணியில் இருட்டான மரவரிசை இருக்கட்டும், சூரியன் போனுக்குப் பின்னால் இருக்கட்டும். ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 பிரேம் வையுங்கள், ஒரு நொடி எட்டு நொடியாக நீளும். அது இல்லாவிட்டால் 120 போதும்.

மூன்று விஷயத்தில் நான் ஏமாந்தேன். ஒன்று, செல்ஃபி கேமரா. சில போன்களில் அது இடது வலதை மாற்றிக் காட்டும், வலது பக்கம் போகிற லீடரை இடது பக்கம் போகிறது என்று நினைத்து ஒரு வாரம் எதிர்ப்பக்கமாகத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு, அகலக் கோண லென்ஸ். படத்தின் ஓரத்தில் அது நேர்கோட்டையே வளைத்துவிடும், அதனால் நீங்களும் ராடும் நடுவில் இருக்கும்படி பாருங்கள். மூன்று, வேகமாகப் போகும் ராடைப் போன் கேமரா நிஜத்தைவிட வளைந்ததாகக் காட்டும். ராட் எவ்வளவு வளைந்தது என்பதைப் போனில் நம்பாதீர்கள், நுனி எங்கே போனது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் ஐந்து வீச்சு, உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஐந்து வீச்சு. அவ்வளவுதான். நாற்பது வீடியோ எடுத்தால் ஒன்றையும் பார்க்க மாட்டீர்கள்.

4. புள்ளி வைத்துப் பார்ப்பது

இது என் சொந்த யோசனை, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்து வீடியோவை லேப்டாப்பில் போட்டேன். திரைமேல் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டினேன், ஃபைல் கவரை வெட்டினாலே போதும். அப்புறம் முன்வீச்சு தொடங்கும் இடத்திலிருந்து நாலு பிரேமுக்கு ஒரு தடவை நிறுத்தி, ராட் நுனி இருக்கும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி. ராட் நிற்கும் வரை. பிறகு தாளை உரித்து வெள்ளைச் சுவரில் பிடித்துப் பார்த்தேன். அம்மா வாசலில் புள்ளிக்கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி வரிசையாக நின்றது, நடுவில் மூன்று புள்ளி மட்டும் வரிசையிலிருந்து கீழே இறங்கியிருந்தது. பதினொரு முடிச்சுக்கும் காரணம் அந்த மூன்று புள்ளி.

வரிசையின் வடிவம் பாதி விஷயம்தான். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் பாருங்கள். நல்ல வீச்சில் முதலில் நெருக்கமாக இருந்து, போகப்போக இடைவெளி சீராகப் பெரிதாகி, கடைசியில் சட்டென்று முடிய வேண்டும். தொடக்கத்திலேயே பெரிய தாவல் இருந்தால் எடுத்த எடுப்பில் உதைத்திருக்கிறீர்கள். கடைசியில் இடைவெளி மெல்ல மெல்லக் குறைந்து முடிந்தால் ராடை நிறுத்தவில்லை, ஓயவிட்டிருக்கிறீர்கள்.

5. படிக்கும் ஒழுங்கு

புரூஸ் ரிச்சர்ட்ஸ் என்ற அமெரிக்கக் காஸ்டிங் ஆசிரியர் வகுத்த ஆறு படி முறை இதற்கு இருக்கிறது. முதல் மூன்று படி நோய் அறிவது: லைன் என்ன செய்தது, அப்படிச் செய்ய ராட் என்ன செய்திருக்க வேண்டும், ராட் அப்படிச் செய்ய உடம்பு என்ன செய்திருக்க வேண்டும். அடுத்த மூன்று படி அதையே திருப்பிப் போட்டு மருந்து கொடுப்பது: உடம்பு என்ன செய்ய வேண்டும், அதனால் ராட் என்ன செய்யும், அதனால் லைன் எப்படி மாறும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஏரிக்கரையில் யோசனை சொல்லும் எல்லோரும் மூன்றாம் படியில்தான் தொடங்குகிறார்கள், அவரவர் உடம்பில் ஒரு காலத்தில் இருந்த தப்பிலிருந்து. ஒரு நோட்டு வைத்துக்கொண்டு லைன், ராட், உடம்பு என்று மூன்று வரி எழுதுங்கள். முதல் வரியில் ‘மணிக்கட்டு’ என்று எழுதிவிட்டால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம், இரண்டு மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

6. அகன்ற லூப்

இரண்டு காலுக்கும் நடுவே ஆள் உயரம் இருக்கிறது, லைன் போகிறது ஆனால் காற்றில் சோர்ந்து விழுகிறது. எதிர்க்காற்று வந்தால் உங்கள் காலடியிலேயே விழும். இது குடை வழி. ராட் சுற்றிய கோணம் அதன் வளைவுக்கு அதிகம். வாசல் தெளிக்கும் கையை நினைத்துக்கொள்ளுங்கள், வாளியிலிருந்து அள்ளி விசிறும்போது கை எவ்வளவு அகலமாக வீசிப் போகிறது, அதே கைதான் இது. சுண்ணாம்பு மட்டையில் இருக்கும் துளியைச் சுவர்மேல் உதறுகிற கை வேண்டும்: கொஞ்சம் நகர்ந்து, டக்கென்று நிற்கிற கை.

பின்பக்கம் ராட் தரையைப் பார்க்கும் அளவுக்கு மணிக்கட்டு மடங்குகிறதா பாருங்கள். ராடின் அடிக்கட்டையைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு பத்து வீச்சு வீசினால் மணிக்கட்டு மடங்கியது உடனே தெரியும். அதையே வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள், மணிக்கட்டே ஆடக்கூடாது என்பது இன்னொரு தப்பு.

இதே மாதிரி தெரியும், ஆனால் வேறு நோய் ஒன்று இருக்கிறது. லூப் ஒடுங்கித்தான் பிறக்கும், போகப்போக அகலும். நிறுத்திய உடனே ராட் நுனியைக் கீழே இறக்கினால் கீழ்க் காலும் கூடவே இறங்கும், அதனால் வருவது. கோணத்தைக் குறைத்தால் இது போகாது. பிறந்தபோது எப்படி இருந்தது என்று வீடியோவில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடிகார முள் கணக்கு ஒன்று எல்லோரும் சொல்வார்கள், பத்து மணியிலும் ஒரு மணியிலும் நிறுத்து என்று. அது ஒரே ஒரு நீள லைனுக்குத்தான் பொருந்தும். லைன் குறைவாக வெளியே இருந்தால் கோணம் சிறிது, லைன் நீள நீளக் கோணமும் கை நகரும் தூரமும் பெரிதாக வேண்டும்.

7. வால் மடிந்த லூப்

டெய்லிங் லூப் என்று எல்லோரும் பயப்படுவது. மேல் கால் தொய்ந்து கீழ்க் காலை வெட்டும், பிறகு திரும்ப மேலே வரும். லீடரில் முடிச்சு விழுகிறது என்றால், காற்றின்மேல் பழி போடாமல் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். சாதாரண ஒற்றை முடிச்சு ஒன்று விழுந்தாலே லீடரின் பலம் பெருமளவு போய்விடும். மீன் இழுத்தால் அந்த இடத்தில்தான் அறும்.

ராட் நுனி நடுவழியில் கீழே இறங்கி எழுந்திருக்கிறது. ராட் திடீரென்று அதிகமாக வளைந்தால் நுனி கீழே போகும், வளைவு விட்டதும் எழும். அந்தத் திடீர் வளைவு ஏன் வந்தது என்பதற்கு மூன்று காரணம் நான் என்னிடமே கண்டேன்.

முதல் காரணம் உதை. இன்னும் ஐந்து மீட்டர் தள்ளிப் போடலாம் என்று ஆசை வந்ததும் கை எடுத்த எடுப்பில் உதைக்கும். புள்ளித்தாளில் இரண்டாவது மூன்றாவது புள்ளிக்கு நடுவே தாவல் தெரியும். மருந்து, பலத்தைக் குறைப்பது இல்லை, தள்ளிப்போடுவது. மெதுவாகத் தொடங்கி, நிறுத்துவதற்கு முந்தின கணத்தில்தான் அதிக வேகம்.

இரண்டாவது, கோணம் போதாமை. லைன் நீண்டுவிட்டது, பலமும் கூடிவிட்டது, ஆனால் கை பழைய சின்னக் கோணத்திலேயே நிற்கிறது. அகன்ற லூப்பைத் திருத்திய மறுவாரம் எல்லோருக்கும் இது வரும், எனக்கும் வந்தது. பயப்பட வேண்டாம், கோணத்தைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் திருட்டுத்தனமானது. பின்வீச்சில் நிறுத்திவிட்டு லைன் விரியும்வரை காத்திருக்கும் நேரத்தில் கை தெரியாமல் முன்னால் நகர்ந்துவிடும். முன்வீச்சு தொடங்கும்போது பாதிக் கோணம் ஏற்கெனவே செலவாகியிருக்கும், மிச்சத்தில் எல்லா பலத்தையும் திணிக்க வேண்டியிருக்கும். நான் காத்திருக்கிறேனே என்று சத்தியம் செய்வீர்கள். நானும் செய்தேன். வீடியோவில் பின்னால் ராட் நின்ற பிரேமில் ஒரு கோடு, முன்னால் கிளம்பும் பிரேமில் ஒரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று இல்லாவிட்டால் அதுதான். பின்னால் நிறுத்திய பிறகு, லைன் விரிகிறபோது ராடை இன்னும் கொஞ்சம் பின்னாலேயே மிதக்கவிட்டுப் பழகினால் இது மூன்று வாரத்தில் அடங்கும்.

வெளியே தெரியும் வெட்டு கடைசியில்தான் கண்ணில் படும், காரணம் அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும். லைன் மடங்குகிற இடத்தில் வீடியோவை நிறுத்தி அங்கே கை என்ன செய்கிறது என்று பார்த்துப் பயனில்லை, பின்னால் ஓட்டுங்கள்.

வேண்டுமென்றே தப்புச் செய்வதும் உதவும். ஐந்து அகன்ற லூப், ஐந்து ஒடுங்கியது, ஐந்து வால் மடிந்தது, திரும்ப ஒடுங்கியது. கேட்டபோது டெய்லிங் போட முடிகிறவனுக்குக் கேட்காதபோது அது அதிகம் வராது.

8. மற்ற சில, சுருக்கமாக

பின்னால் ‘சட்’ என்று சத்தம் கேட்டால் லூப் விரிவதற்கு முன்னால் முன்னே இழுத்துவிட்டீர்கள், ஃபிளை அறுந்து எங்கேயோ போயிருக்கும். புல்லில் பின்லைன் படுத்தால் பின்வீச்சின் திசை தாழ்வு, அதற்கும் முன்வீச்சுக்கும் நேர் எதிர்த்திசை வேண்டும். முன்னால் தாழ்வாகப் போட வேண்டுமென்றால் பின்னால் உயரமாகப் போட வேண்டும்.

லூப் நன்றாக இருக்கிறது, லீடர் மட்டும் நூல் உருண்டையாக விழுகிறது என்றால் நிறுத்தம் போதவில்லை, அல்லது நுனியில் கட்டிய கம்பளி பெரிது. என்னுடையது நெல்லிக்காய் அளவு இருந்தது, கடலை அளவுக்கு வெட்டியதும் பாதி வியாதி போய்விட்டது.

லீடர் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாக வளைந்து விழுகிறதா? பக்கவாட்டு வீடியோவில் இது தெரியவே தெரியாது, முதுகுப்பக்க வீடியோவை எடுங்கள். பெரும்பாலும் பின்வீச்சில் ராட் தலைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போயிருக்கும். பின்னால் லூப்பைப் பார்க்கத் தலையைத் திருப்பும்போது தோளும் கூடவே திரும்பி இதைக் கிளப்பிவிடும். வலது கைக்காரர்கள் வலது காலைப் பின்னால் வைத்து நின்றால் தோள் திரும்பாமலே பார்க்கலாம்.

தொடங்கும்போது ராட் நுனிக்கும் புல்லுக்கும் நடுவே லைன் தொங்கினால் வீச்சின் முதல் பாதி அந்தத் தொய்வை இழுப்பதிலேயே போய்விடும். நுனியைத் தரையோரம் வைத்துத் தொடங்குங்கள். இவ்வளவும் சரியாகும்வரை டபுள் ஹால் (பின்வீச்சிலும் முன்வீச்சிலும் மற்றக் கையால் லைனை இழுத்து வேகம் கூட்டுவது) பக்கமே போகாதீர்கள் என்பது என் கருத்து. இடது கை இழுப்பு தப்பை மறைக்கும், திருத்தாது.

9. எத்தனை நாள், எப்போது தண்ணீருக்கு

வாரம் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிஷம். அதற்கு மேல் கை சோர்ந்து தப்பையே பழகும். எனக்கு ஏழு வாரம் ஆனது, நடுவில் இரண்டு வாரம் மழை. டிசம்பரில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும், வேலைக்குப் போகிறவர்கள் சனி ஞாயிறு காலையை ஒதுக்குங்கள். பனி ஈரம் உள்ள புல்லில் லைன் வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த புல்லைவிட அது நல்லது.

பத்து வீச்சில் எட்டு ஒடுங்கிய லூப், வெள்ளைக்கோட்டிலிருந்து கம்பளி ஒரு முழத்துக்கு மேல் விலகாமல், இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் லைசென்ஸும் டே டிக்கெட்டும் எடுக்கலாம். முதல் நாளுக்கு ஒரு நாள் லைசென்ஸ் போதும். லீடர் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை லீடரை விரலுக்கு நடுவே உருவிப் பாருங்கள், முடிச்சு தட்டுப்பட்டால் அவிழ்த்துக்கொண்டு உட்காராமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், எந்த வீச்சில் விழுந்தது என்று மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போன வாரம் மூன்று மணி நேரத்தில் எனக்கு ஒன்று விழுந்தது, மீன் துள்ளியதைப் பார்த்து அவசரப்பட்ட வீச்சு.